சம்பந்தி வீட்டுச் சீருக்கு நான் போட்ட கண்ணாடி

அறுபது வயதைக் கடந்தவன் புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருப்பதாக நான் அறியவில்லை. ஆயினும் அப்படியொரு சட்டம் நடைமுறையில் இருப்பதைப் போலவே என்னைச் சுற்றியிருந்தவர்கள் நடந்துகொண்டார்கள். சுயதொழில் பயிற்சி அளிப்பதாக வாசலில் பலகை வைத்திருந்த ஓரிடத்திற்குச் சென்று, படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் வேலையைக் கற்றுத் தருவீர்களா என்று வினவினேன். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் முதலில் என் தலையைப் பார்த்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார்.

"ஐயா, அதுக்கெல்லாம் வயசு வரம்பு இருக்கு. வீட்ல வேலை இல்லாத பிள்ளைக இருந்தா அனுப்பி வைங்க."

"பிள்ளைக்கு உத்தியோகம் இருக்குப்பா. வீட்ல வேலை இல்லாதவன் நான்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் உழைப்புக் காலம் முழுவதும் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் தராசுக்குப் பொறுப்பாளனாகக் கழிந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பின்னர் படித்தவை எல்லாம் கிளை நூலகத்தின் மர பெஞ்சில் அமர்ந்து நானாகப் படித்தவை. முதலாளியின் பிள்ளைகள் பொறுப்புக்கு வந்து, எடை போடுவதற்கும் தரம் பிரிப்பதற்கும் இயந்திரம் வாங்கிய பிறகு, என் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பி வைத்தார்கள். ஒரு மனிதனை இனி வேண்டாம் என்று சொல்வதற்கு நம்மிடம் உள்ள நாகரிகமான முறை அது. அந்தச் சால்வையை வாங்கிக்கொண்டேன். அதன் பொருளை வாங்கிக்கொள்ளவில்லை.

எத்தனையோ தொழில்கள் இருக்க இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பேத்தியின் புகைப்படம் ஒன்றுக்குக் கண்ணாடி போடுவதற்காக தேனி அல்லிநகரத்தில் ஒரு கடையில் காத்திருந்தேன். நான்கு மரத்துண்டுகள் என் கண்ணெதிரே ஒன்று சேர்ந்து, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாத ஒரே சட்டமாக ஆயின. அதைச் செய்தது ஒரு பெண்மணி. என் மகளாக இருக்கக்கூடிய வயது. அந்த வித்தை என் கைக்கும் வரவேண்டும் என்ற பிடிவாதம் அங்கேயே ஏற்பட்டுவிட்டது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் அந்தக் கடைக்குச் சென்று, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். கடைக்காரப் பெண்மணி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"கூலிக்கா, பொழுதுபோக்குக்கா?"

"கூலிக்குத்தான் ஆத்தா. வேலை தெரியிற வரைக்கும் வேணாம். தெரிஞ்ச பிறகு விடமாட்டேன்."

"சரி, வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிர்றேன் ஐயா. கண்ணாடி வயசு பாக்காது. கிழிச்சிரும்."

கிழிக்கத்தான் செய்தது. விரல்களில் பிளாஸ்திரியோடு வீட்டிற்கு வந்த என்னைக் கண்டு என் மனைவி, "அறுபது வருசமா முழுசா வெச்சிருந்த கையி. இப்பத்தான் சேதாரம் பண்ணணும்னு தோணுச்சாக்கும்" என்றாள். என்றாலும் மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக் கொடுத்தாள்.

என் மகன் அவ்வாறு எடுத்துக்கொள்ளவில்லை. அவன் தேனியில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. நான்கு பேர் எழுந்து நின்று வணங்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவன்.

"உங்களுக்கு என்னப்பா குறை? டிவி இருக்கு, லைப்ரரி இருக்கு, கோயில் இருக்கு. லுங்கியக் கட்டிக்கிட்டு மரத்தூளுக்குள்ள போயி நிக்கணுமா? மகன் சோறு போடலைன்னுல பேசுவாக."

"பேசுறவுகளுக்கும் ஒரு வேலை வேணும்லப்பா" என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து, யாராவது அப்பா எங்கே என்று கேட்டால், "சும்மா ஒரு கடையில போயி உக்காந்திருப்பாக" என்று சொல்லிவந்தான். அந்தச் 'சும்மா' என்னை உறுத்திய அளவுக்குக் கண்ணாடிச் சில்லுகூட உறுத்தியதில்லை.

தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் இது ஆணி அடிக்கும் வேலை அன்று. முதலில் என்னிடம் தரப்பட்டது பழைய செய்தித்தாளும் ஒரு கிண்ணம் தண்ணீரும். கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி துடைக்க வேண்டும். உட்பக்கத்தில் ஒரு விரல் ரேகை தங்கிவிட்டால், சட்டத்தைப் பிரிக்கும் நாள் வரை அது தெய்வத்தின் முகத்திலோ மணமகளின் முகத்திலோ தங்கியிருக்கும். அடுத்து, பீடிங் என்று கடையில் சொல்லப்படும் நீளமான மரச்சட்டங்களை முனை சாய்த்து அறுக்கும் வேலை. எதிரெதிர்ப் பக்கங்களுக்குரிய இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் நான்காவது மூலை வாயைத் திறந்துவிடும்.

என் முதல் சட்டங்களின் நான்காவது மூலைகள் எல்லாம் வாயைத் திறந்தன. கைப்பேசியில் யாரோ ஒருவர் காட்டிய உபாயத்தைப் பார்த்து, மரத்தூளைப் பசையோடு குழைத்து அந்த வாயை அடைத்தேன். மேலே சாயமும் தடவினேன். எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அமைந்துவிட்டது. கடைக்காரப் பெண்மணி அந்த மூலையில் நகத்தை வைத்து அழுத்தினார். பிறகு சட்டத்தை இரு கைகளாலும் பிடித்து முறுக்கி, நான்கு துண்டுகளாக என் முன்னால் போட்டார்.

"மூலைக்கு மருந்து வெக்கிற கடை இது இல்லங்கையா. சேந்தாச் சட்டம், சேரலையா வெறகு."

கண்ணாடி வெட்டுவது அதைவிடக் கடினம். சிறு சக்கரம் பொருத்திய கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து, அளவுகோலை ஒட்டி, தூரத்து விளிம்பிலிருந்து நம்மை நோக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பட்டுத்துணி கிழிவது போன்ற ஓசை இடையில் அறுபடாமல் வரவேண்டும். ஓசை அறுந்தால் கோடும் அறுந்தது என்று பொருள். அறுந்த இடத்தில் மீண்டும் ஒரு முறை கட்டரை ஓட்டினால் கண்ணாடி தன் விருப்பம்போல் உடையும். தராசில் எடை தவறினால் மறுபடி நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் ஊறிய கை திரும்பத் திரும்பப் போய்க் கோட்டைத் தொட்டது. உடைந்த துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டே, "ஐயா கைக்குச் சந்தேகம் சாஸ்தி" என்பார் அவர். சந்தேகம் நீங்குவதற்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் பிடித்தன.

சிறு படங்கள் என் கையில் நம்பிக்கையோடு விடப்பட்டன. கல்யாணப் படங்கள், பூப்புனித நீராட்டுப் படங்கள், காலமானவர்களின் படங்கள், தேவாலயத்திற்குப் போகும் வசனப் பலகைகள் என்று கடையில் வேலைக்குக் குறைவே இல்லை. கதவளவுப் படம் மட்டும் எனக்குத் தரப்படவில்லை. அந்த அளவுக் கண்ணாடியை வெட்டித் தூக்கிப் பொருத்துபவரைத்தான் கடையில் வேலைக்காரர் என்று சொல்வது வழக்கம். மற்றவர்கள் எல்லாம் கையாள். நான் விடாமல் கேட்டதன் பேரில், ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு வாக்கு கிடைத்தது.

"அடுத்து வர்ற பெரிய படம் ஐயாவுக்கு. அளவுல இருந்து கொக்கி வரைக்கும் நீங்கதான். நான் தொடமாட்டேன். ஒடஞ்சாலும் தொடமாட்டேன்."

அந்த அடுத்த பெரிய படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், என் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி.

அவர் பெரியகுளத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்பும் கலையாதவர். என் மகன் தேனியில் புதிதாகக் கட்டியிருந்த வீட்டிற்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக இருந்தது. அதற்குப் பெண் வீட்டுச் சீராகச் சாமிப் படம் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மற்ற சீர்த்தட்டுகளுக்கு முன்னால் படம்தான் வாசற்படியைத் தாண்டும். பெரியகுளத்திலிருந்து கண்ணாடியைச் சுமந்துவந்தால் வேகத்தடைகளில் உடையும் என்று எண்ணி, புது வீட்டுக்கு அருகிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார்.

கார் நின்றதைக் கண்டதும், "ஆத்தா, அது என் சம்பந்தி" என்றேன்.

கடைக்காரப் பெண்மணி என் லுங்கியையும் முழங்கை வரை படிந்திருந்த மரத்தூளையும் பார்த்தார். "வெரசா உள்ளாற போயிருங்க ஐயா. பலகை அடுக்குற ரூம்ல இருங்க. நான் பேசி அனுப்பிர்றேன்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அறைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால், தெரிந்தவர்கள் வரும்போதெல்லாம் நுழைய வேண்டியிருக்கும். நான் நின்ற இடத்திலேயே நின்று கைகூப்பினேன்.

"வாங்க சம்பந்தி."

"அடடே, நீங்களும் கண்ணாடி போட வந்தீகளா?"

"நான் இங்கன வேலை பாக்குறேன்."

"மேற்பார்வையா?"

"இல்ல. அறுக்குறது, வெட்டுறது, அடிக்கிறது. முதலாளி இந்தா நிக்கிற ஆத்தா."

அவர் அருகிலிருந்த முக்காலியில் அமர்ந்தார். அதன்மேல் பசை டப்பா இருப்பதைப் பார்க்கவில்லை. நல்லவேளையாக மூடியிருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். பிடிக்கலை."

பிறகு அவர் சுருளை விரித்தார். மீனாட்சி திருக்கல்யாணம். நல்ல கெட்டித்தாளில் அச்சிட்டது. விரித்தபோது மேசை போதவில்லை. தேக்குச் சட்டம், உள்ளே தங்கநிறக் கோடு என்று கடைக்காரப் பெண்மணியிடம் விவரம் சொன்னார். "நீங்களே போட்டுருங்கம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்.

"பெரிய படம் அடுத்து எனக்குன்னு பேச்சு" என்றேன் நான்.

"சம்பந்தி, கொஞ்சம் யோசிங்க. இது எங்க வீட்டுச் சீரு. அதை மாப்பிள்ளையோட அப்பாவே செஞ்சு குடுத்தா, நான் என்னத்தத் தூக்கிக்கிட்டு உங்க வாசல்ல ஏறுறது? உங்க வீட்டுக் குத்துவிளக்கத் தொடச்சு உங்களுக்கே தட்டுல வெச்ச மாதிரி இருக்காது? எங்க பக்கத்து ஆளுக என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருவாக."

அவர் கூற்றில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முறை என்பது அவருக்கும் பாரம்தான்.

"என் வேலை வேணாமா, நான் வேணாமா? வேலைன்னா, அந்தா சுவத்துல சாத்தியிருக்கிற சட்டமெல்லாம் நான் போட்டது. மூலையத் தடவிப் பாருங்க."

"மூலைய யாரு கேட்டா? நான் முறையப் பேசுறேன்!"

படத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் காரில் ஏறிவிட்டார். கார் திரும்பும் வரை பொறுத்திருந்து, கடைக்காரப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"தேக்குச் சட்டம் கேட்டு வந்த மனுசன். என் கடைக்குள்ள நின்னுகிட்டே வெரட்டிவிட்டீகளே ஐயா!"

"வெரட்டலை ஆத்தா. ஒளிய மாட்டேன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

அரை மணி நேரத்திற்குள் மகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. "அப்பா, இன்னைக்கு ஒருநா வீட்டுக்குப் போயிருங்க. மாமா திரும்ப வருவாக. படத்தக் குடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

"இன்னைக்குப் போனா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"என் மூஞ்சியப் பத்தி நெனச்சுப் பாத்தீகளா?"

"பாத்தேன். நல்லாத்தான்பா இருக்கு."

இணைப்பைத் துண்டித்துவிட்டான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. எனினும் வீட்டிற்குப் போகவில்லை.

மாலையில் சம்பந்தி திரும்பி வந்தார். முகூர்த்த நெருக்கத்தில் மற்ற கடைகளில் வேலை தேங்கிக் கிடந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பிளாஸ்டிக் சட்டத்தில் லேமினேஷன் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "மீனாட்சிய பிளாஸ்டிக்ல போட்டுக் கொண்டுவந்தா என் வீட்டுக்காரி என்னைய உள்ள விடமாட்டா" என்றார். ஆனால் அவர் தோற்றுத் திரும்பிய மனிதராக வரவில்லை. சுற்றிய நேரத்தில் முறைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"அம்மா, முழுக் கூலி குடுப்பேன். அதை என் கையால அவருக்குக் குடுப்பேன். கூலி வாங்கிட்டா அவர் வேலைக்காரர், நான் சீர்க்காரன். ஒத்த ரூவா தள்ளுபடி பண்ணாலும் அது அவுக வீட்டுப் பங்காயிரும். தள்ளுபடி பேச்சே எடுக்கக் கூடாது."

கடைக்காரப் பெண்மணியின் முகம் மலர்ந்ததை நான் கவனிக்காமல் இல்லை. "எடுக்கவே மாட்டோம்" என்றார்.

"அப்புறம் சம்பந்தி, விசேஷ வீட்ல யார் போட்டதுன்னு வாயத் தெறக்கக் கூடாது."

"நானாச் சொல்லித் திரிய மாட்டேன். யாராச்சும் கேட்டா மறைக்க மாட்டேன். சம்மதம்னா படத்த விரிங்க."

அவர் படத்தை விரித்தார்.

ஆடிக் காற்று மலைக் கணவாயிலிருந்து இறங்கித் தேனித் தெருக்களில் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புழுதியில் ஒரு துகள் உள்ளே போனாலும் கண்ணாடிக்கு அடியில் அது கல்லைப் போல் தெரியும். கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கி, மின்விசிறியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். தேக்கு நான்கு துண்டாகியது. இணையான துண்டுகளைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நான்காவது மூலை மூடிய வாயைத் திறக்கவில்லை.

அடுத்து கண்ணாடி. மேசைமேல் கம்பளியை விரித்து, முழுக் கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது என்பதால் அதற்கு மட்டும் வாக்கைத் தளர்த்திக் கடைக்காரப் பெண்மணி கை கொடுத்தார். அதன்பின் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். வியர்வை கண்ணில் இறங்கியது. தூரத்து விளிம்பில் கட்டரை ஊன்றி இழுத்தேன். ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. முடிவதற்கு ஒரு சாண் இருக்கையில் காற்று இரும்புக் கதவை உலுக்கியது. அந்தச் சத்தத்தில் என் ஓசையை என்னால் கேட்க முடியவில்லை. கோடு அறுந்ததா, அறவில்லையா? திரும்பி ஓட்டிவிடு என்று கை கெஞ்சியது. நான் கட்டரைக் கீழே வைத்தேன். கண்ணாடியை விளிம்புக்கு நகர்த்தி, இரு கைகளாலும் பிடித்து, கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினேன். அது கோட்டின் வழியே இரண்டாகப் பிரிந்து வந்தது.

"மூச்சு விடுங்க ஐயா" என்றார் அவர்.

படத்தின் மேல் விளிம்பை மட்டும் அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டேன். முழுவதும் பசை தடவினால் ஈரக்காற்றில் தாள் சுருங்கி அலை அலையாகத் தெரியும். பின்பலகையை வைத்து, ஆணி அடித்து, விளிம்பில் டேப் ஒட்டி, கொக்கி மாட்டினேன். நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது சொக்கனின் கையில் மீனாட்சியின் கை தெளிவாக இருந்தது. சம்பந்தி வந்து எல்லாவற்றையும் பார்த்தார்; மூலையை மட்டும் தடவிப் பார்க்கவில்லை. கூலியை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பால் காய்ச்சும் நாளில் மேளம் முழங்க அந்தப் படம் சம்பந்தி தோளிலும் அவருடைய தம்பி தோளிலுமாக வாசற்படியைத் தாண்டியது. முகப்புச் சுவரில் மாட்டினார்கள். சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் உறவினர் கூட்டம் அதன் எதிரில் நின்றது. சம்பந்தியின் மூத்த சகோதரி, வைரத்தோடு அணிந்த அம்மாள், அருகில் சென்று பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிசுக்கு ஒரு சுருக்கம் இல்லையே! எங்கன போட்டீக?" என்று கேட்டார்.

கேள்வி யாரை நோக்கி என்பது தெளிவாக இல்லை. என் மகன் முந்திக்கொண்டான். "மதுரையில அத்தை. அங்கன ஒரு பெரிய கடை."

அவன் என்னைப் பார்க்காமல் அதைச் சொன்னான். புது வீட்டின் தலைவாசலில், தன் மேலதிகாரிகளும் நின்றிருந்த இடத்தில் சொன்னான். அவன் முகம் வாடும் என்று தெரிந்தேதான் நான் பேசினேன்.

"மதுரை இல்லம்மா. அல்லிநகரம். நான்தான் போட்டேன்."

"நீங்கன்னா... நீங்க சொல்லிப் போட்டதா?"

"என் கையால. அங்கதான் எனக்கு வேலை."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். அந்த அம்மாள் சம்பந்தியின் பக்கம் திரும்பி, "ஏலே தம்பி, அப்ப இது யாரு வீட்டுச் சீருடா?" என்று கேட்டார். சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம சீருதான்க்கா. முழுக் கூலி குடுத்திருக்கேன். தள்ளுபடியே வாங்கலை. வேணும்னா அவரையே கேளு" என்றார். அவர் குரலில் நான் எதிர்பாராத ஒரு பெருமிதம் இருந்தது. சம்பந்திக்கே கூலி கொடுத்த பெருமையோ என்னவோ. எதுவாயினும் அவர் என்னை மறுக்கவில்லை.

மகன் மட்டும் பந்தி முடியும்வரை என் அருகில் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, கை கழுவும் இடத்தில் எதிர்ப்பட்டான்.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பேசாம இருந்திருக்கலாம்லப்பா?"

"நீ மதுரைன்னு சொல்லாம இருந்திருந்தா, நானும் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பேன்."

அவன் கை துடைத்த துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். துண்டைக் கொடுத்ததைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் அவசரக்காரன் அல்லன். அவன் இன்றுவரை தன் நண்பர்களிடம் நான் ஒரு கடையில் 'ஒத்தாசையாக' இருப்பதாகத்தான் கூறிவருகிறான். சும்மா என்பது ஒத்தாசை ஆகியிருக்கிறது. நான் அருகிலிருந்தால், ஒத்தாசை இல்லை, வேலை என்று திருத்துகிறேன். அவன் முகம் சுளிக்கிறான். சுளிக்கட்டும். நான் திருத்துவதை நிறுத்தப்போவதில்லை.

பால் காய்ச்சிய மறுநாள் ஓய்வெடுக்கும்படி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கம்பத்திலிருந்து ஒருவர் கதவளவுக் கல்யாணப் படத்தோடு வருவதாகக் கடைக்காரப் பெண்மணி சொல்லியிருந்தார். முதல் பேருந்தில் புறப்பட்டுவிட்டேன்.